நவீன பண்ணை வீடு: குறைந்த செலவும் குறைந்த மின்சாரமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மோதுகின்றன?

வெள்ளைச் சுவர், கறுப்பு ஜன்னல் சட்டம், செங்குத்தாகச் சரியும் தகரக் கூரை, முகடு வரை திறந்துகிடக்கும் ஹால், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ‘நவீன பண்ணை வீடு’ என்று தேடினால் வரும் படங்களில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். படத்துக்குக் கீழே ‘குறைந்த செலவு’, ‘ஆற்றல் சிக்கனம்’ என்ற இரண்டு பட்டங்களும் தவறாமல் ஒட்டியிருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் படத்தில் இருப்பவற்றில் சில செலவைக் குறைப்பவை, சில மின் கட்டணத்தை ஏற்றுபவை, சில இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதவை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

## மூன்று சொற்கள், மூன்று அர்த்தங்கள்

பண்ணை வீடு. நிலத்துக்கு நடுவே, அக்கம்பக்கத்துச் சுவரின் தயவு இல்லாமல் தனித்து நிற்கும் வீடு. நான்கு பக்கமும் காற்றும் வெயிலும் மழையும் நேரடியாக மோதும். நகரத்து வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடம் தரும் நிழலோ காற்றுத் தடுப்போ இதற்குக் கிடையாது. பழைய பண்ணை வீடுகள் பல, நீள்சதுரத் தரை, இருபுறம் சரியும் ஒரே கூரை, முன்னால் ஒரு தாழ்வாரம் என்ற அளவிலேயே நின்றுவிட்டன. கட்டச் சுலபம், ஒழுகாது, பழுதுபார்க்க எளிது என்பதே காரணம். இன்றைய ‘நவீன’ வடிவமைப்பு அந்த உடம்பை விட்டுவிட்டு உடையை மட்டும் எடுத்துக்கொண்டது என்பது என் எண்ணம்.

குறைந்த செலவு. இதில் இரண்டு செலவுகள் ஒளிந்திருக்கின்றன: கட்டும்போது ஒரு முறை ஆகும் செலவு, பிறகு மாதாமாதம் ஆகும் செலவு. முன்னதைக் குறைத்துப் பின்னதை ஏற்றிவிடுவது சுலபம். இரண்டையும் சேர்த்துக் குறைக்கும் முடிவுகளும் இருக்கின்றன. அவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஆற்றல் சிக்கனம். வீட்டுக்குத் தேவைப்படும் ஆற்றல் குறைவாக இருப்பது சிக்கனம். ஆற்றலைச் சொந்தமாக உற்பத்தி செய்வது வேறு விஷயம். ஓட்டை வீட்டின் மேல் 10 கிலோவாட் சோலார் பேனல் போட்டால் கட்டணம் குறையலாம், வீட்டின் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

## வெப்பத்தைத் தடுப்பது எது?

வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். குளிர்ப் பிரதேசத்தில் உள்ளிருந்து வெளியே, வெயில் பிரதேசத்தில் வெளியிலிருந்து உள்ளே. திசைதான் மாறுகிறது, கணக்கு ஒன்றே. சுவர் வழியாகக் கடத்தல், இடுக்கு வழியாகக் காற்றோட்டம், கண்ணாடி வழியாகக் கதிர்வீச்சு என மூன்று பாதைகள் உண்டு.

கடத்தலை அளக்க ‘யு மதிப்பு’ என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சதுர மீட்டர் சுவரோ கூரையோ, இரு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் வெப்பத்தை விடுகிறது என்பதே அது. எண் சிறியதாக இருந்தால் நல்லது. இதைத் தலைகீழாகப் போட்டால் ‘ஆர் மதிப்பு’. அது பெரியதாக இருந்தால் நல்லது.

கனமாக இருப்பதெல்லாம் வெப்பத்தைத் தடுக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். கான்கிரீட் கனமானது, ஆனால் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி, தெர்மோகோல் போன்ற வெப்பக்காப்புப் பொருட்கள் தங்களுக்குள் அடைத்துவைத்திருக்கும் அசையாத காற்றால் தடுக்கின்றன. 1 அங்குலக் கம்பளி தடுக்கும் அளவை வெறும் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால் சுமார் 4 அடி கனத்துக்குத் தளம் போட வேண்டும்.

100 சதுர மீட்டர் கூரையை எடுத்துக்கொள்வோம். இரு பக்கத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம். கடந்துபோகும் வெப்பம் தோராயமாக இப்படி இருக்கும்:

1. 6 அங்குல கான்கிரீட் தளம் மட்டும்: 3,300 வாட்
2. அதன் மேல் 5 செ.மீ. வெப்பக்காப்பு: 580 வாட்
3. 10 செ.மீ.: 320 வாட்
4. 20 செ.மீ.: 170 வாட்

முதல் 5 செ.மீ. 2,700 வாட்டுக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. கடைசி 10 செ.மீ. மிச்சப்படுத்துவது 150 வாட்தான். சிக்கன வீடு கட்டுபவர் மனதில் ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லாத இடத்தில் கொஞ்சம் போடுவது, ஏற்கெனவே நிறைய இருக்கும் இடத்தில் இன்னும் போடுவதைவிடப் பல மடங்கு பலன் தரும். கடுங்குளிர்ப் பிரதேசத்தில் வெப்பநிலை வித்தியாசம் 30, 40 டிகிரி வரை போவதால் அந்தக் கடைசி 10 செ.மீ.க்கும் அங்கே மதிப்பு உண்டு. மிதமான இடத்தில் அதே பணத்தை ஜன்னலில் போடலாம்.

வெயில் நேரடியாக அடிக்கும் கூரையில் வித்தியாசம் 10 டிகிரியோடு நிற்காது. கறுப்புக் கூரையின் மேற்பரப்பு, காற்றின் வெப்பநிலையைவிட 30 டிகிரிக்கு மேல் ஏறிவிடக்கூடும். புதிய வெள்ளைப் பூச்சு வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பியனுப்பும். கறுப்பு பத்தில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பினாலே அதிகம். படங்களில் வெள்ளைச் சுவரும் கறுப்புக் கூரையும் இருப்பதைக் கவனியுங்கள். வெயில் நாட்டில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது முதலில் கூரைதான்.

இன்னொரு சொல்லும் அடிக்கடி வரும்: ‘வெப்பப் பாலம்’. சுவர் முழுக்கக் காப்பு போட்டுவிட்டு, ஒரு இரும்பு உத்திரத்தை உள்ளிருந்து வெளியே நீட்டினால் வெப்பம் அந்தப் பாலம் வழியாக நடந்துபோய்விடும். இரும்பு, மரத்தைவிட முந்நூறு மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். பண்ணை வீட்டில் இதற்கு வழக்கமான இடம் தாழ்வாரம்தான். உள்தரையின் கான்கிரீட்டை அப்படியே நீட்டித் தாழ்வாரத் தளமாக்கிவிடுவார்கள். குளிர்நாட்டில் அந்த ஓரத்தில்தான் தரை சில்லிட்டு, சுவர் அடியில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு தளங்களுக்கும் நடுவே ஒரு கெட்டிக் காப்புப் பலகையை நிறுத்திவிட்டுக் கான்கிரீட் போட்டால் பிரச்சினை முடிந்தது. ஒரு பலகையின் விலைதான். பிறகு செய்ய முடியாது.

## வடிவம்: செலவில்லாமல் கிடைக்கும் சிக்கனம்

செலவும் மின்சாரமும் ஒரே திசையில் இழுக்கும் இடம் இது. வெளியுலகைத் தொடும் பரப்பு எவ்வளவு குறைவோ, வாங்க வேண்டிய பொருளும் அவ்வளவு குறைவு, கசியும் வெப்பமும் அவ்வளவு குறைவு.

ஒரே 1,536 சதுர அடியை மூன்று விதமாகக் கட்டிப் பார்க்கலாம். ஒரு தள உயரம் 10 அடி.

1. நீள்சதுரம், ஒரே தளம், 32×48 அடி. சுற்றளவு 160 அடி, வெளிச்சுவர் 1,600 சதுர அடி. கூரை, தரை சேர்த்து மொத்தம் 4,672 சதுர அடி.
2. ‘ட’ போல மடங்கிய வடிவம், 16 அடி அகலத்தில் இரண்டு சிறகுகள். சுற்றளவு 224 அடி, வெளிச்சுவர் 2,240 சதுர அடி. மொத்தம் 5,312.
3. இரண்டு தளம், 24×32 அடி. வெளிச்சுவர் அதே 2,240. ஆனால் கூரையும் தரையும் பாதியாகிவிடுகின்றன. மொத்தம் 3,776.

வீட்டுக்குள் இருக்கும் இடம் மூன்றிலும் ஒன்றுதான் (மாடிப்படி கொஞ்சம் தின்னும்). இரண்டாவது வீட்டுக்கு முதலாவதைவிட 40 சதவீதம் கூடுதல் சுவர் வேண்டும். கூடவே இரண்டு மூலைகள், கூரைகள் சந்திக்கும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் இலை சேரும், தண்ணீர் தேங்கும், சில வருடம் கழித்து ஒழுக்கு அங்கேயிருந்துதான் வரும். படங்களில் அழகுக்காக வைக்கும் குட்டிக் கூரைகளும் மூன்று நான்கு முக்கோண முகப்புகளும் ஒவ்வொன்றும் இப்படி ஒரு பள்ளத்தைப் பெற்றெடுக்கின்றன.

இதற்காக எல்லாரும் மாடி வீடுதான் கட்ட வேண்டும் என்பதில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த பிரதேசத்தில் மெல்லிய நீண்ட வீட்டுக்குக் காற்றோட்டம் நன்றாகக் கிடைக்கும், வயதானவர்களுக்குப் படி ஏறும் தொல்லை இருக்காது. அப்படியானால் தெரிந்தே அதற்கான விலையைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். மடிப்பு வேண்டுமென்றால் வீட்டு உடம்பை நீள்சதுரமாக வைத்துவிட்டுத் தாழ்வாரம், கருவிகள் வைக்கும் கொட்டகை, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றை மடக்கலாம். அவற்றுக்குக் காப்பும் வேண்டாம், ஏசியும் வேண்டாம்.

32, 48, 24 என்ற அளவுகள் தற்செயலாக வரவில்லை. சுவருக்கும் கூரைக்கும் போடும் பலகைகள் பெரும்பாலும் 4×8 அடி அளவில் வருகின்றன. 31 அடி 3 அங்குலம் என்று பிளான் போட்டால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு துண்டை வெட்டிக் குப்பையில் போட வேண்டும். வெட்டுகூலி தனி.

## திசையும் நிழலும்

நிலம் விசாலமாக இருப்பதால் பண்ணை வீட்டை எந்தத் திசையில் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். நகரத்து மனையில் கிடைக்காத சுதந்திரம் இது. காகிதத்தில் பிளானைச் சுற்றுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

பொது விதி: நீளப் பக்கம் கிழக்கு–மேற்காக ஓடட்டும். அப்போது பெரிய சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், குறுகிய சுவர்கள் கிழக்கு, மேற்கு வெயிலை வாங்கும். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

வட அட்சரேகை 40 டிகிரியில் ஒரு வீடு. தெற்குச் சுவரில் 5 அடி உயர ஜன்னல். அதன் மேல்விளிம்பிலிருந்து 2 அடி நீட்டிய கூரை விளிம்பு. கோடையின் மிக நீண்ட நாளில் நண்பகல் சூரியன் 73.5 டிகிரி உயரத்தில் நிற்கும். 2 அடி விளிம்பின் நிழல் 6 அடி 9 அங்குலம் கீழே இறங்கும். ஜன்னல் முழுவதும் நிழலில். குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில் சூரியன் 26.5 டிகிரிதான். அதே விளிம்பின் நிழல் 1 அடி மட்டுமே இறங்கும், மீதி 4 அடி வழியாக வெயில் அறைக்குள் வந்து தரையைச் சூடாக்கும். மோட்டார் இல்லை, சென்சார் இல்லை, பழுதாகாது. தென்கோளத்தில் இதையே வடக்குச் சுவருக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மேற்குச் சுவரில் இந்த வித்தை பலிக்காது. மாலைச் சூரியன் 20 டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது அதே 5 அடி ஜன்னலை மறைக்க ஏறக்குறைய 14 அடி நீட்டம் வேண்டும். அகலமான தாழ்வாரம்கூடத் தோற்றுப்போகும். அங்கே உதவுவது செங்குத்துத் தடுப்பு, வெளிப்புறச் சட்டர், மரம், அல்லது ஜன்னலையே சிறியதாக வைப்பது. தெளிந்த மாலையில் மேற்குக் கண்ணாடியின் ஒரு சதுர மீட்டரில் சுமார் 600 வாட் வெயில் விழும். 3 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடிக் கதவு என்றால் 1,400 வாட்டுக்கு மேல் உள்ளே வருகிறது. அந்த வேளை முழுதும் அறைக்குள் அயர்ன் பாக்ஸைச் சூடாகப் போட்டுவைத்துவிட்டு, அதைக் குளிர்விக்க ஏசியை ஓட்டுவதுபோல. உள்ளே போடும் திரைச்சீலை கண்ணைக் காக்கும், வெப்பத்தைப் பெருமளவு தடுக்காது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் வந்ததுதான்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் நண்பகல் சூரியன் வருடத்தில் சில மாதம் வடக்கிலும் சில மாதம் தெற்கிலும் நிற்கும், பெரும்பாலும் தலைக்கு மேலேயே இருக்கும். அங்கே சண்டை சுவரோடு இல்லை, கூரையோடு. இரு பக்கமும் நீட்டிய விளிம்பு, வெளிர் நிறக் கூரை, அதன் கீழே காற்று ஓடும் இடைவெளி, அதற்கும் கீழே காப்பு என்ற வரிசை தேவை.

## ஜன்னல்: சின்னப் பரப்பு, பெரிய ஓட்டை

150 சதுர மீட்டர் வெளிச்சுவர், அதில் ஐந்தில் ஒரு பங்கு ஜன்னல் என்று வைப்போம். நன்கு காப்பிட்ட சுவரின் யு மதிப்பு 0.3, சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலுடையது சுமார் 2.8. சுவரின் 120 சதுர மீட்டர் ஒரு டிகிரிக்கு 36 வாட் விடும். ஜன்னலின் 30 சதுர மீட்டர் 84 வாட் விடும். ஐந்தில் ஒரு பங்கு பரப்பு, பத்தில் ஏழு பங்கு கசிவு.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, நல்ல கண்ணாடி. வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பியனுப்பும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சும் (‘குறை உமிழ்வு’ப் பூச்சு) நடுவில் ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடி, நல்ல சட்டத்தோடு 1.2 அளவுக்கு வரும். மூன்றடுக்குக் கண்ணாடி 0.8 வரை இறங்கும். இரண்டாவது வழி, கண்ணாடியைக் குறைப்பது. இதுதான் மலிவு. அகலமான ஒரு நிலையான கண்ணாடி நல்ல காட்சி தரும். அதைச் சுற்றித் திறக்கும் ஜன்னல்களைக் காற்று வரும் பக்கத்திலும் போகும் பக்கத்திலும் தேவைக்கு வைத்தால் போதும். திறக்கும் ஜன்னல் நிலையான ஜன்னலைவிட விலை அதிகம், விளிம்பில் கசிவும் அதிகம்.

கண்ணாடி வாங்கும்போது யு மதிப்போடு இன்னொரு எண்ணையும் கேட்க வேண்டும். அது சூரிய வெப்ப ஈட்டு எண், அதாவது விழும் வெயிலில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பது. குளிர்நாட்டில் சூரியன் பார்க்கும் பக்கத்துக்கு இது அதிகமாக இருக்கலாம், வெயில் நாட்டில் 0.3க்குக் கீழே இருப்பது நல்லது.

கறுப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிறத்தில் பெரிய குற்றமில்லை. அது அலுமினியமாக இருந்து, உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பிரிக்கும் பிளாஸ்டிக் தடுப்பு நடுவில் இல்லாவிட்டால், சட்டம் முழுக்கவே வெப்பப் பாலம்தான். விலைப்பட்டியலில் இந்தத் தடுப்பு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## காற்றுக்கசிவு, அதோடு வரும் ஈரம்

32×48 அடி வீட்டின் உள்ளே சுமார் 435 கன மீட்டர் காற்று இருக்கிறது. இடுக்குகள் வழியாக மணிக்கு ஒரு முறை அது முழுவதும் மாறினால், 10 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 1,400 வாட் வீணாகும். மேலே பார்த்த 10 செ.மீ. காப்பிட்ட 100 சதுர மீட்டர் கூரை விட்டது 320 வாட்தான். திறந்த வெளியில் காற்று பலமாக வீசும் பண்ணை வீட்டில் மணிக்கு ஒரு முறை என்பது மிகையான எண்ணும் இல்லை.

இதை அளக்க ஒரு சோதனை உண்டு. வாசலில் துணித்திரையோடு ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும்வரை காற்றை இழுப்பார்கள். அப்போது மணிக்கு எத்தனை முறை வீட்டுக் காற்று மாறுகிறது என்பதே மதிப்பெண். மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்காக ஜெர்மனியில் உருவான ‘பாசிவ்ஹவுஸ்’ தரம் 0.6க்கு மேல் போகக் கூடாது என்கிறது. பழைய ஓட்டை வீடுகள் 10ஐத் தாண்டும். சாதாரண நாளின் கசிவைத் தெரிந்துகொள்ள இந்த எண்ணை 20ஆல் வகுப்பது ஒரு நாட்டுக்கணக்கு. சிக்கன வீட்டுக்கு 0.6 எட்டவேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. ஒழுங்கான வேலையால் 2, 3 என்ற அளவுக்கு வருவதே பெரிய லாபம். அதற்கு வேண்டியது டேப், சீலன்ட், பொறுமை.

‘வீடு மூச்சுவிட வேண்டாமா?’ என்ற கேள்வி உடனே வரும். மனிதர்கள்தான் மூச்சுவிட வேண்டும். அதற்குத் தெரிந்த இடத்தில், தெரிந்த அளவில் காற்று வர வழி வைக்கலாம். குளிர்நாட்டிலும் கடும் வெப்ப நாட்டிலும் வெளியேறும் காற்றின் வெப்பத்தை, கலக்காமலேயே உள்வரும் காற்றுக்குக் கைமாற்றும் கருவிகள் உண்டு. நல்ல கருவி முக்கால் பங்குக்கு மேல் மீட்டுத் தரும். மிதமான இடத்தில் சமையலறையிலும் குளியலறையிலும் நல்ல எக்ஸாஸ்ட் விசிறியும் எதிர்ப்பக்கம் ஒரு காற்றுத் துவாரமும் போதும்.

காற்று தனியாக வருவதில்லை, ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. சுவருக்குள் நுழைந்த ஈரக் காற்று அங்கே ஒரு குளிர்ந்த பரப்பைத் தொட்டால் தண்ணீராக மாறும். கம்பளி நனையும், மரம் இற்றுப்போகும். ஈரத் தடுப்புத் தாள் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விதி இதுதான்: வெதுவெதுப்பான பக்கம். குளிர்நாட்டில் அது உட்பக்கம். ஏசி ஓடும் ஈரப்பதமான வெப்ப நாட்டில் அது வெளிப்பக்கம். குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே இறக்கி வெப்ப நாட்டில் கட்டினால், உட்பக்கத் தாளுக்குப் பின்னால் தண்ணீர் கோத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது, வாடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

## முகடு வரை திறந்த ஹால்

20×20 அடி ஹாலுக்கு 10 அடியில் தட்டையான உள்கூரை போட்டால் 4,000 கன அடி. 18 அடி முகடு வரை திறந்துவிட்டால் 5,600. குளிர்நாட்டில் சூடான காற்று மேலே போய் யாரும் இல்லாத இடத்தில் நிற்கும். ஆனால் கன அளவைவிட முக்கியமான சங்கதி, காப்பு போடும் இடம். தட்டை உள்கூரை என்றால் அதன் மேல் மலிவான தளர்வுக் காப்பை 30 செ.மீ. கனத்துக்குக்கூடக் கொட்டிவிடலாம். திறந்த முகட்டில் கூரைச் சட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் குறுகிய இடைவெளிக்குள் விலை உயர்ந்த கெட்டிப் பலகைகளைச் செருக வேண்டும்.

வெப்ப நாட்டில் கதை மாறும். உயரமான கூரையும் முகட்டில் சூடான காற்று வெளியேறத் துவாரமும் ஏசி இல்லாத வீட்டுக்கு நிஜமாகவே உதவும். அதே துவாரம் ஏசி ஓடும் நேரத்தில் பணத்தை வெளியே ஊதும். ஏசி வீடா, காற்றோட்ட வீடா என்பதை வரைபடம் போடும்போதே முடிவுசெய்ய வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் படுக்கையறைகளை மூடிய பெட்டியாகவும் ஹாலைத் திறந்த இடமாகவும் பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்த வழி.

கனமான சுவரின் கதையும் இதேபோல்தான். கல்லும் செங்கல்லும் மண்ணும் பகல் வெப்பத்தை வாங்கிவைத்து இரவில் விடும். இரவு நன்றாகக் குளிரும் வறண்ட பிரதேசத்துக்கு இது வரம். இரவும் புழுங்கும் கடலோரத்தில், படுக்கப் போகும் நேரத்தில் சுவர் அனல் வீசத் தொடங்கும்.

## எந்திரங்கள் கடைசியில்

பண்ணை வீட்டில் எது மின்சாரத்தைத் தின்கிறது என்பதில் கண்ணுக்குத் தெரிவதும் கணக்கும் ஒத்துப்போவதில்லை. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. கிணற்று மோட்டார் சத்தமாக ஓடுவதால் அதன் மேல்தான் சந்தேகம் வரும். 1,000 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க, மோட்டாரின் இழப்பையும் சேர்த்து சுமார் 0.6 யூனிட். சத்தமே போடாத கீசர், 200 லிட்டரை 35 டிகிரி சூடேற்ற 8 யூனிட்டுக்கு மேல் எடுக்கும்.

ஆகவே வெந்நீரில் கை வைத்தால் பலன் அதிகம். வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப் கீசர் அதே வேலையை சுமார் 3 யூனிட்டில் முடிக்கும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது பிளானில் இருக்கிறது: சமையலறையும் குளியலறைகளும் ஒரே சுவரின் இரு பக்கமாக வரட்டும். 15 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் 12 மீட்டர் ஓடினால் அதற்குள் 2 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் அது ஓடித் தீர்ந்த பிறகுதான் வெந்நீர் கைக்கு வரும். மூடியதும் இன்னொரு 2 லிட்டர் வெந்நீர் குழாய்க்குள்ளேயே ஆறிப்போகும்.

அறைகளைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ வாங்கும் எந்திரத்தின் அளவைச் சுவரும் ஜன்னலும் முடிவான பிறகுதான் கணக்கிட வேண்டும். ‘இருக்கட்டுமே’ என்று பெரிய ஏசியாகப் போட்டால், அது அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது. அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும்.

சோலார் பேனலுக்கு 1 கிலோவாட்டுக்கு சுமார் 5 சதுர மீட்டர் இடம் வேண்டும். கிழக்கு–மேற்காக முகடு ஓடும் எளிய கூரையில் ஒரு சரிவு முழுவதும் தடையில்லாமல் கிடைத்துவிடும். குட்டிக் கூரைகளை ஒதுக்கியதன் உபரி லாபம் இது. இன்றே பணம் இல்லாவிட்டால் கூரையிலிருந்து மீட்டர் பலகை வரை ஒரு காலிக் குழாயை மட்டும் பதித்து வைத்தால் போதும்.

## பணம் எந்த வரிசையில் போக வேண்டும்?

கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் ‘சஸ்காச்சுவன் கன்சர்வேஷன் ஹவுஸ்’ என்ற சோதனை வீட்டைக் கட்டினார்கள். கனத்த காப்பு, கசிவில்லாத உறை, காற்றின் வெப்பத்தை மீட்கும் கருவி, கூடவே விலை உயர்ந்த சூரிய வெப்ப அமைப்பு. நாளடைவில் அந்தச் சூரிய அமைப்பு தொல்லையாகிக் கழற்றப்பட்டது. காப்பும் கசிவில்லாத உறையும் அப்படியே வேலை செய்தன. பிறகு 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் முன்னின்று கட்டிய முதல் பாசிவ்ஹவுஸ் அதே பாதையில்தான் போனது.

பின்னால் மாற்றவே முடியாததற்கு முதல் பணம், எளிதில் மாற்றக்கூடியதற்குக் கடைசிப் பணம் என்று வரிசைப்படுத்தினால் இப்படி வரும்:

1. திசை, வடிவம், அறைகளின் இருப்பிடம். பணமே வேண்டாம், யோசனை வேண்டும்.
2. அஸ்திவார ஓரமும் தரைக்கு அடியிலும் வரும் காப்பு. கான்கிரீட் போட்டபின் கதவு மூடிவிடும்.
3. கூரைக் காப்பு, அதன் பிறகு சுவர்க் காப்பு.
4. காற்றுக்கசிவு அடைப்பு, ஈரத் தடுப்பு.
5. ஜன்னலும் வெளிப்புற நிழலும்.
6. வெந்நீர், பிறகு ஏசியோ ஹீட்டரோ.
7. சோலார் பேனல்.
8. கவுன்டர் கல், கொட்டகைக் கதவு, விளக்கு அலங்காரம்.

பெரும்பாலான வீடுகளில் இந்தப் பட்டியல் கீழிருந்து மேலாக நடக்கிறது. எட்டாவதில் மனசு நிறைந்து, நான்காவதற்கு வரும்போது கை காலியாகிவிடும்.

அதனால் கட்டுபவரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்க்கலாம்: உட்புறப் பலகை சுவரை மூடுவதற்கு முன்பே விசிறிச் சோதனை நடக்க வேண்டும். அந்த நாளில் எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கூடவே நிறுத்திவையுங்கள். விசிறி ஓடும்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவிட்ச் பெட்டி, ஜன்னல் சட்டத்தின் ஓரம், சுவரும் கூரையும் சேரும் மூலை என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். நேராக எழும் புகை எங்கே சட்டென்று வளைகிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போட வேண்டும். வட்டங்களை எண்ணி, அடைத்து, மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகு சுவரை மூடச் சொல்லலாம்.